கன்னி மூலைத் தூண்

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று குழுவில் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பெயர் தேன்மொழி. திருச்சிக்காரி. பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதையே தனிப் படிப்பாகப் படித்திருக்கிறாளாம். சம்பளம் வேண்டாம், தங்க இடம் மட்டும் போதும் என்றாள். சம்பளம் வேண்டாம் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தவள் நான். "சும்மா ஒத்தாசைக்கு வாரேன் டீச்சர்" என்று வந்தவர்களின் முந்தானையில் முட்டை போன கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

தங்க இடம் என் வீட்டு மாடி அறைதான். நானே கேட்டுக் கொடுத்தேன். கண் முன்னால் இருந்தால் நல்லதுதானே.

எங்கள் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவில் பேருக்குப் பதினைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை துடைப்பமும் மண்வெட்டியுமாக வந்து நிற்பது மூன்றே பேர். தலைவர் ஞானதுரை அண்ணாச்சி, உரக்கடை வைத்திருக்கிறார். படம் எடுப்பது மசூது, பஸ் ஸ்டாண்டில் ஸ்டூடியோ. மூன்றாவது நான். பிச்சம்மாள் சத்திரத்துச் சாவி என் இடுப்பில்.

திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் தங்குவதற்காகப் பிச்சம்மாள் என்ற பிள்ளையில்லாத விதவை கட்டிவிட்டுப் போன சத்திரம் அது. பன்னிரண்டு கல்தூண், மேலே செங்கலும் சுண்ணாம்பும். இப்போது அகலப்படுத்துகிற ரோடு நேராக அதன் மேல்தான் வருகிறது. நவம்பரில் தொல்லியல் அதிகாரி வந்து பார்ப்பார். உறுதியாக நிற்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால் ரோடு வளைந்து போகும். இல்லையென்றால் இடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் சமையலறை கட்டித் தருவதற்கு முன்னால் பல வருஷம் நான் உலை வைத்தது அந்தச் சத்திரத்தில்தான். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் தேடுவதில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டால் மருமகள்தான் எடுக்கிறாள். அந்தச் சத்திரமும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதற்கு?

தேன்மொழி ஒரு சின்ன மரச் சுத்தியலால் சுவரையெல்லாம் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். சில இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். கேட்டால், பூச்சு சுவரை விட்டு விலகியிருந்தால் சத்தம் மாறுமாம், அங்கே வட்டமாம். சரி. ஆனால் தரையில் பாவிய கல்லையும் தட்டினாளே? தரைக்கு ஏது பூச்சு?

செப்டம்பர் 9, திங்கள்

பால் வாங்கப் போன இடத்தில் டீக்கடைப் பரமசிவம், "என்ன டீச்சர், ஒரு பொம்பளப் பிள்ளை தரையத் தட்டித் தட்டிக் காது வச்சுக் கேக்காளாமே, உள்ள என்ன இருக்காம்?" என்றான். அவளிடமே போய்க் கேள் என்றேன். கேஸ் சிலிண்டர் வரவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

காலையில் செடி பிடுங்கினோம். கூரையில் முளைத்திருந்த அரசங்கன்றை மசூது ஏறி வெட்டினான். தேன்மொழி தென்மேற்கு மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து, தூணைச் சுற்றியிருக்கிற கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பையிலிருந்து சிவப்பு சாக்பீஸை எடுத்தாள். இத்தனை நாளும் வெள்ளைதான் போட்டாள். தூணைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டுவிட்டு எழுந்து சொன்னாள்:

"இந்தத் தூண் பக்கம் யாரும் கை வைக்காதீங்க. கீழ மண்ணு கரைஞ்சு காலியா இருக்கு. மேல மட்டும் பிடிச்சிட்டு நிக்குது. கடப்பாரை, மண்வெட்டி எதுவும் இந்த வட்டத்துக்குள்ள வரவே கூடாது."

"அங்க மட்டும் கூடாதா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அங்க மட்டும்தான் சார். மத்த பதினோரு தூணும் கல்லு மாதிரி இருக்கு. அடியில நல்லா கனமான கல்லு போட்டிருக்காங்க."

தென்மேற்கு என்றால் கன்னி மூலை. இந்த ஊரில் யார் வீட்டில் பீரோ எங்கே இருக்கிறது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட அந்த மூலையைத்தான் காட்டும். நகையும் பணமும் வைக்கிற மூலை. பிச்சம்மாளுக்கு வாரிசு கிடையாது. போட்டிருந்த நகை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இந்தப் புதையல் பேச்சில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் பன்னிரண்டு தூணில் கன்னி மூலைத் தூண் ஒன்றுக்கு மட்டும் கீழே காலியாக இருக்கிறது என்று ஒருத்தி சொல்கிறாள், அங்கே மட்டும் கை வைக்காதே என்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன். அவள் மாவாட்டிக் கொடுத்தாள். நன்றாகத்தான் ஆட்டுகிறாள்.

செப்டம்பர் 19, வியாழன்

அவள் குளிக்கப் போனபோது மாடி அறையைப் பெருக்கினேன். மேசையில் சத்திரத்தின் படம் வரைந்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கல்லும் இருக்கிறது. கன்னி மூலையில் மட்டும் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கி வைத்திருக்கிறாள். பெருக்கினேன், அவ்வளவுதான். எதையும் தொடவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

அண்ணாச்சி கடைப் பையனை அனுப்பாமல் தானே வந்து சாவி கேட்டார். "கேட்டுல பேனர் கட்டணும் வடிவு" என்றார். தலைவர் கேட்டால் மறுக்க முடியுமா? கொடுத்தேன். பொழுது சாயத் திருப்பிக் கொடுத்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேனர் கட்ட இவ்வளவு வியர்க்குமா? மேலும், பேனர் எங்கே?

செப்டம்பர் 29, ஞாயிறு

பெரிய சண்டை.

உள்ளே நுழைந்ததும் தேன்மொழி நேராகக் கன்னி மூலைக்குப் போனாள். தூணுக்கு வடக்கே இருக்கிற கல்லில் கால் வைத்தாள். கல் ஆடியது. சிவப்பு வட்டம் அந்த இடத்தில் அழிந்திருந்தது.

"யாரோ இந்தக் கல்லத் தூக்கியிருக்காங்க. உள்ள மண்ணு புதுசா இருக்கு பாருங்க!"

"எலியா இருக்கும்மா" என்றார் அண்ணாச்சி.

"எலி கல்லத் தூக்கிட்டு மறுபடி மூடி வைக்குமா சார்?"

மசூது சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், சாவி உங்ககிட்டதானே இருக்கு? யாருக்காவது கொடுத்தீங்களா?"

என்னைக் கேட்கிறாள்! ஒரு கரண்டிப் பருப்புக்கு மேலதிகாரிகளிடம் கணக்குக் காட்டியவளை, என் வீட்டில் தோசை தின்றுகொண்டே கேட்கிறாள். "என் சாவி என் இடுப்ப விட்டு இறங்கல" என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஈரத்துணியை எடுத்து சுவரிலும் தரையிலும் போட்டிருந்த வட்டங்களை எல்லாம் துடைத்தாள். இனிமேல் எதையும் குறிக்கப் போவதில்லையாம், தன் படத்தில் மட்டும் இருந்தால் போதுமாம். இதுவரை எல்லோரும் பார்க்கிற மாதிரி இருந்ததை இப்போது ஏன் மறைக்கிறாள்? கல்லைத் தூக்கியதே அவளாக இருந்தால்? தான் தூக்கிவிட்டு, தானே கத்தினால், யாரும் அவளைச் சந்தேகப்பட மாட்டார்கள். முட்டை காணாமல் போகிற அன்றைக்கு முதலில் கூப்பாடு போடுகிறவள் யார் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. மசூது வந்தான். காலை வெயில் தூணில் விழுகிற மாதிரிப் படம் எடுக்க வேண்டுமாம், அதிகாரிக்குக் காட்ட. சாவி கொடுத்தேன். உச்சிவெயில் ஏறிய பிறகுதான் திரும்பி வந்தான். செருப்பு முழுக்கச் செம்மண்.

"படத்தக் காட்டு தம்பி" என்றேன்.

"இன்னும் கழுவலக்கா."

அவன் கேமராவில் ஃபிலிம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. என்னத்தைக் கழுவுவான்?

அக்டோபர் 6, ஞாயிறு

அண்ணாச்சியின் வலது உள்ளங்கையில் பிளாஸ்திரி. "உர மூட்டை தூக்குனேன்" என்றார். அவர் கடையில் மூட்டை தூக்க இரண்டு ஆள் இருக்கிறார்கள். அவர் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

தேன்மொழி வருவதற்கு முன்னால் என்னையும் மசூதையும் கூட்டி வைத்துச் சொன்னார். "அந்தப் பிள்ளை வந்ததுலேருந்துதான் இந்தக் கூத்தெல்லாம். யாரு எவருன்னு தெரியாம உள்ள விட்டது நம்ம தப்பு. அனுப்பிருவோம். என்ன சொல்லுதீய?"

"எனக்கும் சரிதான்" என்று முதலில் சொன்னது நான்தான். வெளியூர்க்காரியை அனுப்பிவிட்டால் மீதி இருக்கிற இரண்டு பேரைக் கண்காணிப்பது சுலபம். மசூது தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் வந்தாள். சொன்னோம். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சரி, போறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க. மழைக்கு முன்னாடி அந்தத் தூணைச் சுத்தி மரம் வச்சு முட்டு குடுத்துடுங்க. உத்தரத்தையும் தாங்கணும். எந்த ஆசாரியக் கூப்பிட்டாலும் செய்வாரு. ஐப்பசி மழையில அது நிக்காது."

அவள் நகர்ந்ததும் அண்ணாச்சி என் காதருகே வந்தார். "பாத்தியளா? முட்டு குடுத்து மூடச் சொல்லுதா. நாம யாரும் கிட்ட போக முடியாது. பொறவு ஆற அமர வந்து எடுத்துக்கிடலாம்னு பாக்கா."

அப்படியும் இருக்கலாம். ஆனால் இதை இவ்வளவு சீக்கிரம் இவர் எப்படி யோசித்தார்?

அக்டோபர் 8, செவ்வாய்

தேன்மொழி காலை பஸ்ஸில் போய்விட்டாள். விடியுமுன்னே எழுந்து புளி கரைத்துப் புளிச்சாதம் கிண்டினேன். மீந்ததைத்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மாடி அறையைக் கழுவிவிட்டேன். ஒன்றையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. குழுவின் மண்வெட்டி, கடப்பாரை, பாண்டுச் சட்டி எல்லாவற்றையும் சத்திரத்து நடுவில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். அண்ணாச்சி சூடம் காட்டமாட்டார், வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். மசூதும் மாட்டான். அதனால் நான்தான் காட்டினேன். இரண்டு பேரும் பயபக்தியாகப் பொரி வாங்கிக்கொண்டார்கள்.

கடப்பாரைக்குப் பொட்டு வைக்கும்போது பார்த்தேன். நுனியில் செம்மண் அப்பியிருந்தது. நாங்கள் கடப்பாரை எடுத்து மாசக்கணக்காகிறது. தலையைத் தூக்கினேன். அண்ணாச்சி மசூதைப் பார்த்தார். மசூது அண்ணாச்சியைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னை எதற்குப் பார்க்க வேண்டும்?

அக்டோபர் 15, செவ்வாய்

மதியம் ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரத்தில் சத்திரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாவி வைத்திருப்பவளுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

கன்னி மூலைத் தூணுக்கு வடக்கே மண் இளகிக் கிடக்கிறது. அது அண்ணாச்சி. மேற்கே வெளிப்பக்கமும் இளகிக் கிடக்கிறது. அது மசூது. இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படவில்லை என்று தெரிகிறது, அகப்பட்டிருந்தால் அன்றைக்குப் பொரி வாங்கும்போது அப்படி முழித்திருக்க மாட்டார்கள். கிழக்குப் பக்கத்தைத்தான் யாரும் தொடவில்லை. தொடாத பக்கத்தைப் பார்க்காமல் நான் எப்படித் திரும்பி வருவது? நாளைக்கு அவர்களில் ஒருத்தர் வந்து எடுத்துக்கொண்டு போனால் யார் பதில் சொல்வது? என் கையில் கிடைத்தால் நேராகத் தாசில்தாரிடம் போயிருக்கும்.

நான் தோண்டவில்லை. பார்த்தேன். பார்க்க வேண்டுமென்றால் மேலே கிடக்கிற கல்லை நகர்த்தத்தானே வேண்டும். களைக்கொத்தி கையோடு இருந்தது. தூணின் அடியில் நான் கை வைக்கவே இல்லை, ஒரு சாண் தள்ளித்தான். ஒரு முழம் வரைக்கும் வெறும் சாம்பல். அது நான் அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டின சாம்பலாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே மண், ஓட்டாஞ்சில்லு, மறுபடி மண். எல்லாவற்றையும் இருந்த மாதிரியே தள்ளி மூடிவிட்டேன். கல்லை மட்டும் சரியாகப் பொருத்த முடியவில்லை.

அக்டோபர் 16, புதன்

தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்தேன். எதிர்வீட்டு ரோஸ்மேரி வந்தாள். "என்ன மைனி, சேலைக் கரையெல்லாம் சாம்பலா இருக்கு?" என்றாள். "அடுப்பு" என்றேன். நான் கேஸில் சமைப்பது அவளுக்குத் தெரியும். சிலிண்டர் வந்ததும் அவள்தான் வாங்கி வைத்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. யாரும் வேலைக்கு வரவில்லை.

மாலையில் தேன்மொழி போன் செய்தாள். எடுக்க வேண்டாம் என்று நினைத்தேன், எடுத்துவிட்டேன்.

"டீச்சர், அங்க மழைன்னு நியூஸ்ல சொன்னாங்க. முட்டு குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"அப்பாடா" என்றாள். "நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா ஊருக்கு வந்தேன். கை வலி எப்படி இருக்கு? மாவாட்டறப்போ பிடிச்சுக்குதுன்னீங்களே."

கை நன்றாக இருக்கிறது என்று வைத்துவிட்டேன். முட்டுக் கொடுக்க ஆசாரியைக் கூப்பிட்டால் முதலில் தரைக் கல்லைத்தான் தூக்கிப் பார்ப்பான். பார்த்தால் ஊருக்கே சொல்வான். அண்ணாச்சியிடம் முட்டு பற்றிப் பேச்செடுத்தேன். "மழை விடட்டும் வடிவு" என்றார். மசூதும் அதையேதான் சொன்னான். ஏன் இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மகன் வரவில்லை. அதிரசம் சுட்டு அண்ணாச்சி வீட்டுக்கும் மசூது வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். மழை விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு சத்திரத்து கேட் வரைக்கும் போனேன். நின்றுகொண்டுதான் இருக்கிறது. பிள்ளையாரப்பா, அதிகாரி வருகிற வரைக்கும் நின்றால் போதும்.

நவம்பர் 4, திங்கள்

விழுந்துவிட்டது.

காலையில் பல் துலக்கும்போது இடி மாதிரி ஒரு சத்தம். இடி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். துலக்கினது துலக்கினபடி ஓடினேன். கன்னி மூலை அப்படியே உட்கார்ந்துவிட்டது. தூண் குப்புறக் கிடக்கிறது, அதன் மேல் உத்தரக் கல், அதன் மேல் கூரை. மழை உள்ளே பெய்துகொண்டிருந்தது. சேற்றில் உட்கார்ந்து அழுதேன். யாரோ என்னைத் தூக்கிவிட்டார்கள். பரமசிவமாக இருக்கும்.

நவம்பர் 5, செவ்வாய்

நாங்கள் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். தூண் பெயர்ந்து போன இடத்தில் தண்ணீர் நின்றது. மசூது தகரத்தால் இறைத்தான். இறைக்க இறைக்கத் தெரிந்தது. வடக்கேயிருந்து ஒரு குழி, மேற்கேயிருந்து ஒரு குழி, கிழக்கேயிருந்து ஒன்று. மூன்றும் தூண் நின்ற இடத்துக்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. தூணுக்கு அடியில் கை வைக்காமல்தான் ஒவ்வொருவரும் தோண்டியிருக்கிறோம். தோண்டியிருக்கிறார்கள்.

"என்ன மழை!" என்றார் அண்ணாச்சி. "ஆமா, பேய் மழை" என்றான் மசூது. கிழக்குக் குழியின் சாம்பல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மூன்று பேருமாக மண்ணைத் தள்ளிக் குழியை நிரவினோம். இந்தக் குழு ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் வேலை செய்ததில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

அதிகாரி வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். கூடவே தேன்மொழியும் இறங்கினாள். அவர்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார், சத்திரத்தை முழுசாக வரைந்து வைத்திருப்பது அவள் ஒருத்திதான் என்று. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றாள். முட்டு எங்கே என்று கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதிகாரி மற்ற தூண்களையெல்லாம் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். விழுந்த மூலைக்கு வந்ததும் சேற்றில் குச்சியை விட்டு ஆழம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்க பாருங்க, எனக்கு ஒண்ணு தெரியணும். மழைக்கே இந்த மூலை உட்கார்ந்துடுச்சுன்னா, அஸ்திவாரம் சரியில்லைன்னு அர்த்தம். இன்னிக்கு இது, நாளைக்கு அடுத்தது. நிக்காத கட்டடத்துக்காக ரோட்டைத் திருப்புங்கன்னு என்னால எழுத முடியாது. யாராவது தோண்டியிருந்தா, அது வேற விஷயம். அஸ்திவாரம் நல்லாத்தான் இருக்கு, இந்த ஒரு மூலையை எடுத்துக் கட்டிட்டா போதும்னு எழுதிடுவேன். தோண்டினாங்களா?"

"செப்டம்பர்லயே கல்லைத் தூக்கியிருந்தாங்க சார்" என்றாள் தேன்மொழி. "நான் பார்த்தேன்."

"அது எலி சார்" என்றார் அண்ணாச்சி.

"நீ சொல்றது மட்டும் போதாதும்மா. உன்னை இவங்க அனுப்பிட்டாங்கன்னு சொல்றாங்க. உள்ளூர்ல இருக்கிறவங்க யாராவது சொல்லணும்." அதிகாரி எங்களைப் பார்த்தார். "உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

என் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யாரும் கேட்காமலே நான் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மசூது செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் அவன் வாயைத் திறந்தான், சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் சொல்லட்டும் என்றுதான் நானும் நின்றேன். அண்ணாச்சி இருமினார். அவன் வாயை மூடிக்கொண்டான். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிடுவார்கள், கிழக்குப் பக்கம் சாம்பலை அண்ணாச்சிதான் பார்த்தாரே, என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"அம்மா, சாவி உங்ககிட்டதான் இருக்காமே?" அதிகாரி என்னிடம் வந்தார். "நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் எழுதிக்கிறேன். யாராவது உள்ள வந்து தோண்டினாங்களா?"

சாவி என் இடுப்பை விட்டு இறங்கவில்லை என்று நான்தான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். இறங்காத சாவியை வைத்து யார் உள்ளே போக முடியும்?

தேன்மொழி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. சொல்லுங்க டீச்சர் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"மழைதான் சார்" என்றேன்.

நவம்பர் 13, புதன்

சமைக்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று யாரும் வரவில்லை. நானும் போகவில்லை. ரோட்டில் மசூதைப் பார்த்தேன், எதிர்ப்பக்கம் மாறிப் போனான். தேன்மொழிக்குப் போன் செய்தேன். எடுத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், அதிரசம் கொஞ்சம் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் டீச்சர் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

டிசம்பர் 9, திங்கள்

ஜேசிபி வந்தது.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஊரே திரண்டுவிட்டது. சத்திரம் போகிறதே என்று யாரும் வரவில்லை. என்ன கிடைக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். மசூது கழுத்தில் கேமரா.

கூரை ஒரு நொடியில் போய்விட்டது. தூண்கள்தான் போகவில்லை. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஆள் இடுப்பளவு கனத்தில் கல் போட்டிருந்தார்கள், ஈயம் காய்ச்சி ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது. டிரைவர் வேர்த்து விறுவிறுத்துப் போனான். "இது இன்னும் ஆயிரம் வருஷம் நின்னுருக்குமே, யாருவே இத இடிக்கச் சொன்னது?" என்று மேலேயிருந்து கத்தினான். பதினோரு தூணையும் பிடுங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எனக்கு நெஞ்சு வலித்தது. உண்மையாகவே வலித்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

பதினோராவது தூணும் பெயர்ந்து வந்தபோது ஜனம் அதன் குழியைச் சுற்றி முண்டியடித்தது. பரமசிவம் டார்ச் அடித்தான். அண்ணாச்சி ஒருவனைத் தள்ளிவிட்டு முன்னால் போனார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

நானும் எட்டிப் பார்த்தேன்.